டவுசர் காவடி

2018ஆம் ஆண்டு ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, உடுமலைப்பேட்டையிலிருந்து வரிசையாக மிதித்து வந்த பதினொரு சைக்கிள்களில் பதினொன்றாவது சைக்கிளில் இருந்த நாச்சிமுத்து, ஊசிக்கரடு இருந்த இடத்தில் ஊசிக்கரடு இல்லை என்பதை மற்ற பத்துப் பேருக்கும் பிறகு கண்டார். அந்தப் பக்கத்தில், சமவெளியில் பாறையும் முள்ளுமாகத் தனியே எழுந்து நிற்கும் குன்றைக் கரடு என்பார்கள். ஊசிக்கரட்டின் உச்சியில் ஒரு வேலவர் கோயில், கோயிலுக்கு ஏறப் படிக்கட்டு, படி ஏற மாட்டாதவர்களுக்கு மூன்று கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு தார் ரோடு, அந்த ரோடு உச்சியைத் தொட்டு மறுபக்கம் இறங்கினால் ஊசிக்கரட்டூர் என்று ஒரு சிற்றூர். இவ்வளவும் முந்தின நாள் பொழுது இறங்கும்வரை மேலும் கீழுமாக இருந்தன, இப்போது ஒரே மட்டத்தில் இருந்தன. கோயில் இருந்தது, குரங்குகள் இருந்தன, படிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் பரப்பிய கடப்பைக் கல் போலக் கிடந்தன, ஏற வேண்டிய வேலை தீர்ந்துபோனதை அறியாத ரோடு, நடந்துகொண்டே மூத்திரம் பெய்த மாட்டின் தடம் போல வெறும் தரையில் மூன்று முறை வளைந்து கிடந்தது.

முன்னால் போனவர்கள், அடிவாரத்துப் புளியமரம் வந்ததும் பழக்கத்தினால் கியரைக் குறைத்து, சீட்டை விட்டு எழுந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்கள். கால்கள் தையல் மிஷின் போலச் சுற்றின, மூச்சு வாங்கவில்லை, என்ன கோளாறு என்று யாருக்கும் புரிவதற்குள் கோயில் வந்துவிட்டது. வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பூசாரி அர்த்தநாரி நிமிர்ந்து பார்த்து, இன்றைக்கு வெகு சீக்கிரமாக வந்துவிட்டீர்களே என்றார். கரடு எங்கே என்று கேட்டதற்கு, "ராத்திரி நடை சாத்தறப்ப இருந்துச்சுங்க," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தார்.

பதினொரு பேரும் உடுமலை பெடல் பாய்ஸ் என்னும் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். பாய்ஸ்களில் இளையவருக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போய், சர்க்கரை ரத்தத்துக்கு வந்து, டாக்டர் நடக்கச் சொன்ன பருவத்தில், நடப்பது கௌரவக் குறைச்சல் என்று கருதி, ஒரு நல்ல கறவை மாட்டின் விலைக்குச் சைக்கிளும், அதில் உட்காருவதற்குப் பஞ்சு வைத்துத் தைத்த இறுக்கமான டவுசரும் வாங்கியவர்கள். ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் அதே ரோட்டில்தான் போனார்கள், அதே பேக்கரியில்தான் திரும்பி வந்து தேங்காய் பன் தின்றார்கள். எந்தக் குழி எந்த மழைக்கு விழுந்தது என்பதுவரை அவர்களுக்குத் தெரியும், வழியில் இருந்த ஒரு தோட்டக்காரரின் பெயர்கூடத் தெரியாது. புளியமரத்திலிருந்து கோயில்வரை யார் எல்லோரையும்விடக் குறைந்த நேரத்தில் ஏறுகிறாரோ அவர் கரட்டு ராஜா. தளி ரோட்டுப் பேக்கரியில் பப்ஸ் அடுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு பலகையில் அவர் பெயரும் நேரமும் எழுதியிருக்கும், மற்றவர்கள் ஸ்டூல்களில் உட்கார, கடையில் இருந்த ஒரே கை வைத்த நாற்காலியில் ராஜா உட்காருவார். அவர் உட்கார்ந்த பிறகுதான் டீ வரும்.

மூன்று வருஷமாக அந்த நாற்காலி நாச்சிமுத்துவினுடையது. பதினோராவதாக வருகிறவர் எப்படி ராஜாவானார் என்றால், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து காற்றாலைகளையே முறுக்கிக்கொண்டிருந்த காற்று, பொத்தான் போடாமல் அவர் மாட்டியிருந்த பெரிய மழைச்சட்டைக்குள்ளும் புகுந்தது. சட்டை முன்னால் பாய்மரம் போல விரிந்தது, தொண்ணூற்றிரண்டு கிலோ நாச்சிமுத்துவைக் காற்று ஒரு சருகைப் போல மூன்று வளைவுகளும் ஏற்றிக் கோயில் வாசலில் சேர்த்தது. பதினோரு நிமிடம் நாற்பத்திரண்டு நொடி. இரண்டு உறுப்பினர்கள் கண்ணால் பார்த்திருந்தால் போதும் என்பதுதான் சங்கத்தின் விதி, காற்றைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்த நேரத்தை அதற்கப்புறம் அவராலும் தொட முடியவில்லை, மற்றவர்களாலும் தொட முடியவில்லை, மற்றவர்கள் அதை மறக்கவும் இல்லை.

நாச்சிமுத்துவுக்கு அந்த நாற்காலி ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் அவர் கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கடையின் பெயர் கருப்பண்ணன் அண்ட் சன்ஸ், மோட்டார் பம்பு உதிரி சாமான்கள். கருப்பண்ணன் அவருடைய மாமனார். சன்ஸ் என்பது மைத்துனன் திருமூர்த்தி ஒருவன்தான், போர்டு எழுதியவர் மரியாதைக்கு ஒரு எழுத்து கூடச் சேர்த்திருந்தார், அந்தக் கூடுதல் எழுத்து தான்தான் என்று நாச்சிமுத்து ஆரம்ப வருஷங்களில் நினைத்திருந்தார். மாமனார் போனதும் அவருடைய சுழல் நாற்காலி திருமூர்த்திக்குப் போனது. நாச்சிமுத்து இருபத்திரண்டு வருஷமாக கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று வாஷரும் புஷ்ஷும் எடுத்துக் கொடுத்தார். அங்கே ஒரு ஸ்டூல் இருக்கிறது, அதில் எப்போதும் ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பார். வீட்டு ஈஸிசேரில் துவைத்த துணி கிடக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை எட்டிலிருந்து எட்டே முக்கால்வரை, முழங்கை இரண்டையும் நாற்காலியின் கைகளில் ஊன்றி, முதல் டீயை வாங்கி அவர் உட்கார்ந்திருக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் அவர் வாரம் முழுக்க நின்றதற்குக் கூலி.

கரடு போனதை ஊசிக்கரட்டூர் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஜீரணித்துவிட்டது. அதுவரை மேட்டின் இரண்டு பக்கமும் இருந்து ஒருவரை ஒருவர் பார்த்தறியாத இரண்டு டீக்கடைக்காரர்கள் எதிரும் புதிருமாக வந்து நின்றார்கள், சாயந்திரத்துக்குள் ஒருவர் வடையை இன்னொருவர் பழித்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆடுகள் கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டுக் கீழே மேய்ந்தன. முழங்கால் வலியைச் சொல்லிப் பத்து வருஷமாகக் கோயிலுக்கு வராமல் இருந்தவர்கள் வர வேண்டியதாகிவிட்டது, சிலர் அன்று முதல் இடுப்பு வலி என்றார்கள். மினி பஸ் டிரைவர் புளியமரத்தைத் தாண்டியதும் பழையபடி முதல் கியருக்கு மாற்றி உறுமிக்கொண்டே போனார், கண்டக்டர் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார், பஸ் முதலாளி மேட்டுக் கட்டணத்தை மட்டும் மறக்காமல் வாங்கினார். நில அளவை தெரிந்த அதிகாரி ஒருவர் வரைபடத்தோடு வந்து, படத்தில் கரடு இருக்கிறது, அது அகற்றப்பட்டதாகத் தகவல் எதுவும் இல்லை, ஆகவே இருக்கிறது என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். செய்தித்தாளில் ஆறாம் பக்கத்தில், ஒரு சங்கு திருட்டுச் செய்திக்குக் கீழே, நான்கு வரி வந்தது.

பத்து நாளில் தைப்பூசம். படியேறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் கிடக்கிற படிகளை என்ன செய்வது என்று ஊர்க்கூட்டம் போட்டுப் பேசினார்கள். வேண்டுதல் படிக்குத்தானே தவிர உயரத்துக்கு இல்லை என்று ஒருவர் சொன்னார், சாமியிடம் வக்கீல் பேச்சு பேசக் கூடாது என்று இன்னொருவர் சொன்னார். முடிவில், படிக்குப் படி முழங்காலைத் தூக்கி வைத்து, பழைய களைப்பு எங்கெங்கே வருமோ அங்கங்கே நின்று, முருகா முருகா என்று மூச்சு வாங்கிப் போக வேண்டும் என்று தீர்ந்தது. தைப்பூசத்தன்று காவடி எடுத்தவர்கள் சமதரையில், தண்ணீருக்குள் நடக்கும் கொக்குகள் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனார்கள், பாதி வழி மண்டபத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிடச் சொன்னார்கள், யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் தளி ரோட்டுப் பேக்கரி, அங்கேயும் வரவில்லை. கரடு போன முதல் ஞாயிறே பத்துப் பேரும் ஐந்து, ஐந்தரை நிமிடத்தில் கோயிலைத் தொட்டிருந்தார்கள். தைப்பூசம் கழிந்த ஞாயிறு, சங்கத் தலைவர் பல் டாக்டர் ஜெயசீலன், இது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று சொல்லித் தனக்கு ஒரு பப்ஸ் சொன்னார். நாச்சிமுத்து நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்துப் பேரில் ஒருவனான மைத்துனன் திருமூர்த்திதான் ஆரம்பித்தான்.

"மாமா, நாற்காலி ரோட்டுக்கா, மேட்டுக்கா? ரோடு அதேதானே. நீளம் கொறஞ்சிருச்சா?"

"மேடே இல்லாத எடத்துல மேட்டு ரெக்கார்டை எப்படி மாப்ள முறிப்பே?"

"அப்ப மேடு இல்லைன்னு ஒத்துக்கறீங்க. இல்லாத மேட்டுக்கு எதுக்கு ராஜா?"

நாச்சிமுத்து இரண்டு பக்கமும் கூட்டிக் கழித்துப் பார்த்தார். மேடு இல்லை என்றால் ராஜா இல்லை. மேடு இல்லை என்று சொல்லாவிட்டால் ஐந்து நிமிடம் பத்து நொடியில் போன பல் டாக்டர்தான் ராஜா. அவர் யோசித்துக்கொண்டிருந்ததில் டீ ஆறிப்போனது, ஆடை படிந்த டீயைப் பார்த்தபோதுதான் வழி தோன்றியது. அதிகாரியே வந்து சொல்லிவிட்டுப் போனாரே, மேடு இருக்கிறது என்றார். இருக்கிறது, ஆகவே இருக்கிற மாதிரிதான் ஏற வேண்டும் என்றார்.

கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. ஏனென்றால் மேடு இல்லாமல் அவர்கள் வெறுமனே டவுசர் போட்ட ஆட்கள். கடைசிக் கியரில், எழுந்து நின்று, ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கி, அவரவர் மனச்சாட்சிப்படி ஏற வேண்டும் என்று தீர்மானம் ஆனது. மூச்சு வாங்கியது உண்மைதானா என்பதை டாக்டர் சோதிப்பார். வாயைத் திறக்கச் சொல்லித்தான் சோதித்தார், அவருக்குத் தெரிந்தது அதுதான்.

அடுத்த ஞாயிறு தொட்டு, விடிந்ததும் விடியாததுமாக, பதினொரு பெரிய மனிதர்கள் வெள்ளரித் தோட்டத்துக்கும் தக்காளிக் காட்டுக்கும் நடுவே, கீழே வைத்த கோலிக்குண்டு அசையாமல் நிற்கக்கூடிய சமதரையில், முகத்தைக் கோணி, சைக்கிளை இடமும் வலமுமாகச் சாய்த்து, ஐயோ அப்பா என்று முனகிக்கொண்டு ஊர்ந்து போனார்கள். கோயிலிலிருந்து திரும்பும்போது இறக்கம் என்பதால் மிதிக்காமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார், சைக்கிள்கள் நின்றுவிட்டதால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஊசிக்கரட்டூரிலிருந்து சந்தைக்குத் தக்காளிக் கூடை ஏற்றிக்கொண்டு லேடீஸ் சைக்கிளில் வரும் மாராத்தாள், மணி அடித்து அவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கோ ஊருக்கோ இதில் ஆச்சரியப்பட எதுவும் தெரியவில்லை. படியில் நடப்பவர்கள் முழங்காலைத் தூக்குகிறார்கள், ரோட்டில் வருபவர்கள் மூச்சு வாங்குகிறார்கள், இதுவும் ஒரு வேண்டுதல்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். உடுப்பை வைத்து அதற்கு டவுசர் காவடி என்று பெயர் விழுந்தது. முதலில் ஒருத்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள், அப்புறம் வளைவுக்கு வளைவு மோர்ப்பானை வந்தது, பிறகு யாரோ டாக்டர் நெற்றியில் திருநீறு பூசி, குழந்தைக்கா கடனுக்கா என்று விசாரித்தார்கள். டாக்டர் தேவாலயத்துக்குப் போகிறவர், ஆனாலும் மறுக்கவில்லை. இருபது வருஷமாக அவர் பல் பிடுங்கிய எவரும் அவரை அப்படிக் கையெடுத்துக் கும்பிட்டதில்லை.

மனச்சாட்சி என்பது வாரத்துக்கு வாரம் தேறக்கூடிய சரக்காக இருந்தது. முன்பு மேட்டில் பதினைந்து நிமிடம் எடுத்தவர்களின் மனச்சாட்சி மாசியில் பதினாலரை என்றது, பங்குனியில் பதின்மூன்று என்றது, சித்திரை பிறந்தபோது பன்னிரண்டைத் தொட்டிருந்தது. எல்லோரும் நன்றாக முனகினார்கள், ஆகவே எவரும் எவரையும் குறை சொல்ல முடியவில்லை. நாச்சிமுத்து ஒருவர்தான் தேறவில்லை. காற்று தள்ளாத நாளில் அந்த மேடு தன்னிடம் பத்தொன்பது நிமிடம் வாங்கும் என்று அவருக்குத் தெரியும், அதில் ஒரு நொடியைக் குறைத்தாலும் மேடு இல்லை என்று தானே சொன்னதாகிவிடும், மேடு இல்லை என்றால் நாற்காலி இல்லை. ஆகவே பத்தொன்பது நிமிடம் ஏறினார். இரண்டாவது வளைவில் முன்பு எங்கே இறங்கித் தண்ணீர் குடிப்பாரோ அங்கேயே இறங்கிக் குடித்தார்.

சித்திரை மூன்றாவது ஞாயிறு திருமூர்த்தியின் மனச்சாட்சி பதினோரு நிமிடம் நாற்பது நொடிக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பேர் பார்த்தார்கள், டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, உண்மையான களைப்பு என்றார். அன்று பேக்கரியில் பலகையைத் துடைத்து எழுதினார்கள். திருமூர்த்தி நாற்காலிக்கு அருகே போய் நின்றான், நாச்சிமுத்து எழுந்திருக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தான், கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்வது போலவே, "மாமா, அந்த ஸ்டூலு காலியா இருக்குது பாருங்க," என்றான். அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, நாற்காலிகள் தன்னிடம் வந்து சேர்வது அவனுக்குச் சிறுவயது முதலே பழகிய விஷயம்.

அடுத்த ஞாயிறு நாச்சிமுத்து அவர்களோடு போகவில்லை, அவர்கள் போன பிறகு தனியாகக் கிளம்பினார். ஏன் போனார் என்று அவரிடமே கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். தோற்றவன் வீட்டில் இருந்தால் தோற்றது உறுதியாகிவிடும் என்று தோன்றியிருக்கலாம். புளியமரத்தடியில் கியரைக் குறைத்தபோது கால் கனத்தது. மனசு கனத்ததில் கால் கனத்ததா, வயசா, முந்தின நாள் தின்ற பலகாரமா தெரியவில்லை, வெறும் தரையில் அரை மணி நேரம் மிதித்தார், உண்மையாகவே வேர்த்தது, மூன்றாவது வளைவில் உண்மையாகவே சைக்கிளை விட்டு இறங்கிக் குனிந்து நின்றார். சந்தையிலிருந்து காலிக் கூடையோடு திரும்பி வந்த மாராத்தாள் சைக்கிளை நிறுத்தினாள். இத்தனை நாள் மணி அடித்துக் கடந்து போனவள் அன்றைக்கு ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, அவர் நெற்றியைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், பிறகு டீக்கடைக்கு வந்து சொன்னாள்.

"மத்தவிய எல்லாம் முனகறாங்க. அந்தக் குண்டு அண்ணன் ஒருத்தருதானுங்க நெசமா ஏர்றாரு."

இந்த ஒரு வார்த்தை இரண்டு டீக்கடைகளையும் அன்றைக்கே ஒத்துப்போக வைத்தது. அதற்கடுத்த ஞாயிறு ரோட்டோரம் ஆட்கள் நின்றார்கள். பத்துப் பேர் முனகிக்கொண்டு பதினொன்றே முக்கால், பன்னிரண்டு நிமிடம் என்று கடந்து போனதை வேலையற்றுப் பார்த்துவிட்டு, பின்னால் தனியாக, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தவணை மூச்சு வாங்கிக்கொண்டு வந்த நாச்சிமுத்துவைக் கண்டதும் பெண்கள் குலவையிட்டார்கள். தேங்காய் உடைந்தது. வைகாசியில் அவரிடம் எலுமிச்சம்பழம் கொடுத்து வாங்கினார்கள், ஆனியில் ஒரு ஸ்கூட்டர் காணாமல் போனதைப் பற்றிக் குறி கேட்டார்கள். வேகமாகப் போகிறவன் பக்தி வேகமாக முடிந்துவிடுகிறது என்று பூசாரி அர்த்தநாரி விளக்கம் சொன்னார்.

வீட்டில் மனைவி பூங்கோதைக்கு இது மெதுவாகத்தான் தெரிய வந்தது. வாரா வாரம் பை நிறையத் தேங்காய் மூடி வருவதைப் பார்த்து விசாரித்தாள், கேட்டுக்கொண்டாள், கொஞ்ச நேரம் தேங்காய் துருவினாள். "வெறுந்தரையில ரெண்டரை கிலோமீட்டரு போறதுக்கு உங்களுக்கு நாலு பானை மோரா?" என்றாள். மேடு இருக்கிறது என்று நாச்சிமுத்து சொன்னார். "இருக்கட்டும். சட்டினிக்கு ஆச்சு," என்றாள்.

சங்கத்தின் பத்துப் பேரும் இந்தக் குலவையைக் கேட்டுக்கொண்டுதான் கோயில் வாசலில் நின்றார்கள். பலகையில் பெயர் இருந்தும் திருமூர்த்தியை ஒரு குரங்குகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடி முதல் ஞாயிறு டாக்டர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார், மனச்சாட்சி அப்படிச் சொல்லிவிட்டது என்றார். அடுத்த வாரம் இன்னொருவருக்கு ஐம்பது நிமிடம். மிதிப்பதாகவும் இருக்க வேண்டும், நகரவும் கூடாது என்பதால், விழாமல் நிற்பதில் அவர்கள் பெரிய தேர்ச்சி அடைந்தார்கள். ஆவணியில் ஒரு நாள் முகூர்த்தக் கூட்டத்தோடு வந்த மினி பஸ் அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, உச்சிகால பூஜை முடிந்த பிறகுதான் கோயிலை அடைந்தது, மாப்பிள்ளை பஸ்ஸுக்குள்ளேயே தூங்கிப்போயிருந்தார். எத்தனை மெதுவாகப் போனாலும் நாச்சிமுத்து இன்னும் பின்னால்தான் வந்தார். அதற்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. மெதுவாகப் போவதில் அவருக்கு ஆறு வருஷத்து முன் அனுபவம் இருந்தது.

அடுத்த தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கோயில் கமிட்டி கூடி, மகாமண்டபத்தில், வருகிறவர்கள் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்கும்படியான இடத்தில், அவருக்கு ஒரு நாற்காலி போட்டது. தேக்கு நாற்காலி. இரண்டு பக்கமும் கை, கைகளின் நுனியில் ஒரு தச்சன் பொறுமையாகச் செதுக்கிய மயில் தலை, முதுகுக்கு மஞ்சள் துண்டு. நாச்சிமுத்து பஞ்சு வைத்த டவுசரோடு அதில் உட்கார்ந்து, மயில் தலைகளின் மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். தியானம் என்று நினைத்துக் கூட்டம் அமைதியானது. அவர் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது, இந்த நாற்காலி சுழலாது என்பது ஒன்றுதான் குறை என்று.

இதற்கிடையில் திருமூர்த்தி, கரடு இருந்த மண்ணைச் சுற்றி வளைத்து வாங்கி, கல் நட்டு, ரோடு கீறி, வேலவர் கார்டன் என்று வீட்டு மனைகளாக சைட் போட்டிருந்தான். கோயிலுக்கு நடந்து போகிற தூரம், ஏற்றமே கிடையாது என்பதுதான் விளம்பரம். முப்பது சொச்சம் சைட்டுகளில் பாதிதான் போயிருந்தன. வாங்க வந்தவர்கள் எல்லோரும் கோயிலுக்குப் போய், மேடு திரும்பி வருமா சாமி என்று கேட்டார்கள், "அது எங்கயும் போகலைங்க," என்று நாச்சிமுத்து சொன்னார். நாற்காலிக்காகச் சொன்ன அந்தப் பதிலை அவரால் எந்த நாற்காலியில் உட்கார்ந்தும் மாற்ற முடியாது. கேட்டவர்கள் கும்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று வீட்டுக்குப் போனார்கள்.

2019 வைகாசியில் ஒரு நாள் திருமூர்த்தி கோயிலுக்கே வந்தான். வரிசையில்தான் நின்றான், முறை வந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று பேசினான். உட்கார்ந்திருந்தவர் நாச்சிமுத்து, நின்றவன் திருமூர்த்தி, இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக.

"மாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். மேடு போயிருச்சு, இனி வராதுன்னு. நீங்க சொன்னா சனம் கேக்குது."

நாச்சிமுத்து திருநீற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"பேக்கரி நாற்காலியை நீங்களே வெச்சுக்கங்க. பலகையில உங்க பேரையே எழுதச் சொல்லிடறேன். கடையிலயும் வேணும்னா ஒண்ணு போட்டுக்கலாம், கை வெச்சதே."

பின்னால் வரிசை காத்திருந்தது. மாராத்தாளும் தக்காளிக் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து நின்றிருந்தாள். நாச்சிமுத்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து மைத்துனன் நெற்றியில் பூசினார்.

"எனக்கு நாற்காலி இருக்குது மாப்ள. அடுத்தவிங்களுக்கு எடம் உடு."

திருமூர்த்தி நகர்ந்தான். பிரகாரத்தில் போய் நின்று, மீதி சைட்டுகளை விலை குறைத்து யாருக்குத் தள்ளலாம் என்று கணக்குப் போட்டான், அன்று சாயந்திரமே பல் டாக்டருக்கு மூன்றும் சங்கத்தில் மீதிப் பேருக்கு ஆளுக்கு ஒன்றிரண்டுமாகத் தள்ளிவிட்டான். ஞாயிறுதோறும் மனச்சாட்சிப்படி ஏறி இறங்கிய அவர்களுக்கு, அந்தத் தரை எவ்வளவு சமம் என்பது ஊரில் வேறு எவரையும்விட நன்றாகத் தெரியும்.

2019ஆம் ஆண்டு ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை காலை, ஊசிக்கரடு இருந்த இடத்தில் மறுபடியும் இருந்தது. வேலவர் கார்டனின் சைட்டுக் கற்கள் பாறைச் சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல்வரிசை போல நீட்டிக்கொண்டிருந்தன. பெடல் பாய்ஸ் பத்துப் பேரும் முதல் வளைவுக்கு முன்பே சைக்கிளை விட்டு இறங்கினார்கள். பதினோரு நிமிடம் நாற்பது நொடியை இனி எவராலும் தொட முடியாது என்பதால் பேக்கரி நாற்காலி திருமூர்த்திக்கே நிலைத்தது. நாச்சிமுத்து புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துப் பூட்டிவிட்டு, மினி பஸ்ஸில் ஏறி, மேட்டுக் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுத்து, மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.